திட்டு வாங்கப் படித்தவள்

ஒன்றாம் வகுப்பில் சேர்க்க யார் வந்தாலும் கையில் ஒரு குழந்தையைப் பிடித்திருப்பார்கள். ரூனுமி வெறுங்கையோடு வந்து நின்றாள். பனிமூட்டத்தில் நடந்து வந்ததில் அவள் சால்வை நனைந்திருந்தது. என் வயதுதான் இருக்கும்.

"குழந்தை எங்கே?" என்றேன்.

"குழந்தை இல்ல மேடம்ஜி. நான்தான்."

எங்கள் ஊர் தல்பீரை உங்களுக்குத் தெரியாது. லாரி ஓட்டிக்கொண்டு அஸ்ஸாமுக்குப் போனவன், திரும்பி வரும்போது இந்த ரூனுமியைப் பெண்டாட்டியாகக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினான். ஊர் வாய் அதை மென்று தீர்க்க ஒரு வருஷம் ஆனது. அவன் அவளிடம் ஹிந்தியில் பேசுவான். பேசிவிட்டு மறுபடி லாரியேறிப் போய்விடுவான். மாமியாரும் இல்லாத வீடு. பஞ்சாபி பேசிப் பழக அவளுக்கு அந்த வீட்டு எருமைகளை விட்டால் வேறு ஆளில்லை.

"இது சர்க்கார் பள்ளிக்கூடம். பெரியவங்களைச் சேர்த்தா எனக்கு ஓலை வந்துடும்" என்றேன். எனக்கு எதையும் முதலில் மறுத்துப் பழக்கம்.

அவள் நகரவில்லை. தெரிந்த பஞ்சாபியையும் ஹிந்தியையும் கலந்து, தட்டுத் தடுமாறிச் சொன்னாள். "என் நாத்தனார் பொண்ணு நவ்கிரணுக்குக் கல்யாணம். பனி விட்டதும். நான்தான் மாமி. ஒரே மாமி."

"நல்லது. சந்தோஷம்."

"போன வருஷம் பங்காளி வீட்டோட சீர் கொண்டு ஒரு கல்யாணத்துக்குப் போனோம் மேடம்ஜி. வாசல்ல நின்னு எல்லாரையும் பாட்டுலயே திட்டினாங்க. குண்டுங்கிறாங்க, கஞ்சங்கிறாங்க, எல்லாரும் சிரிக்கிறாங்க. என்னை மட்டும் திட்டல. உள்ள கூட்டிப் போய் டீ குடுத்தாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் நின்றும் போனது. எங்கள் பக்கம் சீர் கொண்டு வருகிற தாய்மாமன் வீட்டாரைப் பெண்ணின் அப்பா வழிப் பெண்கள் வாசலில் மறித்துக்கொண்டு, தலைமுறை தலைமுறையாகத் திட்டித்தான் உள்ளே விடுவார்கள். வந்தவர்களும் சளைக்காமல் திருப்பித் திட்ட வேண்டும். அதில் முதல் திட்டு மாமிக்கு. மாமியைத் திட்டவில்லையென்றால் அவளை யாரோ வெளியாளாக நினைத்துவிட்டார்கள் என்றுதான் அர்த்தம். விருந்தாளிக்குத்தானே டீ.

"இந்தத் தடவையும் டீ குடுத்துட்டா நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அந்த வீட்டுக்குப் போவேன்?" என்று கேட்டாள்.

பெயரைப் பதிவேட்டில் ஏற்றவில்லை. பாயில் கடைசி வரிசையில் இடம் கொடுத்தேன்.

வெயில் வந்தால் வகுப்பை முற்றத்துக்கு மாற்றிவிடுவோம். அரசமரத்தடியில் பாய் விரித்து, ஆளுக்கொரு மரப்பலகையும் நாணல் பேனாவுமாகக் குழந்தைகள் உட்காருவார்கள். நான் கம்பால் கரும்பலகையைத் தட்டினால் ராகம் போட்டு ஆரம்பிப்பார்கள். ஊடா, ஐடா, ஈடி, சஸ்ஸா, ஹாஹா என்று பஞ்சாபி எழுத்துகளின் வரிசை. ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லையும் எல்லோரும் சேர்ந்து இழுக்க வேண்டும். அந்த ராகத்தை யார் கட்டினார்களோ, நானும் அதில்தான் படித்தேன், என் அம்மாவும் அதில்தான் படித்தாள். ரூனுமி எல்லோரையும்விடச் சத்தமாக இழுப்பாள். பக்கத்தில் ஸீரத் என்ற வாயாடிச் சிறுமி. "மாமி, உன் ஹாஹாவுக்கு வால் போடல" என்று அதட்டுவாள். ரூனுமியும் பயபக்தியோடு வாலைப் போடுவாள்.

கற்பூர புத்திதான். பனி பாதி விலகுவதற்குள் எழுத்துக்கூட்டிப் படித்தாள், கோர்வையாகப் பேசினாள். ஆனால் நான் சொல்லிக்கொடுத்ததெல்லாம் பாடப்புத்தகப் பஞ்சாபி. "வணக்கம் ஐயா, தங்கள் எருமை நலமா" என்கிற ரகம். அதை வைத்துக்கொண்டு யாரைத் திட்டுவது?

"எனக்குத் திட்டு சொல்லிக் குடுங்க மேடம்ஜி."

"வகுப்புலயா? நல்லாயிருக்கே."

"நீங்க தினம் வகுப்புலதான திட்டறீங்க. அதெல்லாம் மனப்பாடமாயிடுச்சு. மக்குப் பிளாஸ்திரி, தூங்குமூஞ்சி, உங்கப்பன் வரட்டும். வேற புதுசா வேணும்."

குழந்தைகள் விழுந்து விழுந்து சிரித்தன. எனக்குக் கோபம் வந்தது. வந்து என்ன செய்ய, அவள் சொன்னதில் பொய் இல்லையே. மதியச் சாப்பாட்டுக்கு மணி அடித்ததும் நான் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன். வெளியே ராஜ்மா சோற்றைச் சாப்பிட்டபடி மொத்த வகுப்பும் அவளுக்குத் திட்டுச் சொல்லிக்கொடுத்தது. அவரவர் வீட்டுச் சரக்கு. காதில் விழாத மாதிரி இருந்தேன். ஒன்றிரண்டு எனக்கே புதிது.

சொல் ஏறிவிட்டது. பாட்டுத்தான் ஏறவில்லை. கல்யாண மெட்டு ஒவ்வொன்றையும் பாடிக் காட்டினேன். அவள் பாடினால் அது வேறெங்கோ மலைப்பக்கம் போய்விடும். கடைசியில் நானே சொன்னேன், "நீங்க கைமட்டும் தட்டுங்க. பாட்டு நாங்க பாத்துக்கறோம்." அவள் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டல் எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் வேறு வழி தெரியவில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் தல்பீர் வீட்டாரோடு ஊர்ப் பெண்கள் நாங்களும் டிராக்டர் வண்டியில் சீரோடு கிளம்பினோம். வழியெங்கும் கடுகு பூத்திருந்தது. ரூனுமி பூவேலை துப்பட்டா போட்டு முன்னால் உட்கார்ந்திருந்தாள். உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது.

வாசலில் பெண்கள் கூட்டம் தயாராக நின்றது. நடுவில் இடுப்பில் கைவைத்து நின்றவள் ஜஸ்மேல், கல்யாணப் பெண்ணின் அத்தை. அந்த வட்டாரத்தில் அவள் வாய்க்குப் பயப்படாதவர்கள் இன்னும் பிறக்கவில்லை. வண்டி நின்றதுமே ஆரம்பித்தாள். தல்பீரின் தொந்தி சீர்த்தட்டுக்கு முன்னால் வந்துவிட்டது என்று ஒரு பாட்டு. கூட வந்த அவன் பெரியம்மா லட்டு வாசனை பிடித்து ஓடி வந்தாள் என்று ஒன்று. என்னையும் விடவில்லை. கல்யாண வீட்டுக்குப் பிரம்போடு வந்த இன்ஸ்பெக்டர் அம்மாவாம் நான். நாங்களும் விடவில்லை.

பிறகு ஜஸ்மேல் ரூனுமியைப் பார்த்தாள். குரல் சட்டென்று இறங்கியது. "பாவம், அவளுக்கு நம்ம பேச்சு புரியாது. யாரும் ஒண்ணும் சொல்லாதீங்கடி. நீ உள்ள வாம்மா, களைச்சுப்போயிருப்ப. ஒரு டீ குடிச்சிட்டு உக்காரு."

அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள். அதுதான் கொடுமை. ரூனுமியின் முகம் சுண்டிவிட்டது. அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தார்கள். இதற்குத்தானா அவள் இத்தனை நாள் பாயில் உட்கார்ந்து பலகை எழுதினாள்?

ரூனுமி கையை விடுவித்துக்கொண்டு வாசற்படிக்கு இந்தப் பக்கமே நின்றாள். கண்ணை ஒருமுறை மூடித் திறந்தாள். பிறகு பாடினாள். கல்யாண மெட்டில் இல்லை. அவளுக்குப் பிசகாமல் வருகிற ஒரே மெட்டில். ஊடா, ஐடா மெட்டில்.

"அத்தை வீட்டு மோருல அஞ்சு குடம் தண்ணி,
எட்டிப் பாத்த எருமை அழுதுச்சு எண்ணி எண்ணி."

அந்த ராகம் காதில் விழுந்தால் கடைசிச் சொல்லை இழுக்காமல் இருக்க எங்கள் மண்ணில் பிறந்த எவளாலும் முடியாது. யாரோ ஒருத்தி அறியாமல் இழுத்துவிட்டாள். "எண்ணி எண்ணீ." அடுத்த கணம் எதிர்க்கட்சிப் பெண்கள் மொத்தப் பேரும், ஜஸ்மேலின் சொந்த மருமகள் உட்பட, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரித் தலையை ஆட்டிக்கொண்டு இழுத்தார்கள். "எண்ணி எண்ணீ."

ரூனுமி நிறுத்தவில்லை.

"சீரு வந்து நிக்குது, வாசல் மறிச்ச அத்தை,
மறிச்ச இடம் பத்தல, சேத்து இடிங்க செவத்தை."

"செவத்தை" என்று தெருவே இழுத்தது. தல்பீர் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். நானும் இழுத்தேன்.

ஜஸ்மேல் தன் அகலத்தை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டாள். "எங்கடி கத்துக்கிட்ட இதை?"

"ஒண்ணாங் கிளாஸ்ல அத்தை."

ஜஸ்மேல் துப்பட்டாவை இழுத்துச் செருகினாள். அவள் கண்ணில் சண்டைக்கான வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன். அதே மெட்டில், ஊருக்கே கேட்கிற குரலில் எடுத்தாள்.

"ஒண்ணாங் கிளாசு மாமி வந்தா பலகைய இடுக்கி,
பச்சப் புள்ள பாஸாச்சு, இவ நிக்கிறா நடுங்கி."

அதோடு விட்டாளா? ரூனுமியின் கையெழுத்தை, தல்பீரின் லாரியை, எங்கள் ஊர்க் கடுகை, ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் ரூனுமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்த கண்ணில் நீர் கொட்டியது. என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"மேடம்ஜி, என்னைத் திட்டிட்டாங்க" என்றாள்.

"நல்லாக் கேட்டுச்சு" என்றேன்.

சீர் கொண்டு வந்தவர்களை வரவேற்கிற வழக்கப்படி வாசற்படியின் இரு பக்கமும் எண்ணெய் ஊற்றினார்கள். மாமிதான் முதலில் தாண்ட வேண்டும். உள்ளே ஒரு சின்னப் பெண் தட்டில் டீயோடு வந்தாள். ஜஸ்மேல் அந்தத் தட்டை அப்படியே என் பக்கம் திருப்பிவிட்டாள்.

"டீச்சரம்மா விருந்தாளி, அவங்களுக்குக் குடு" என்றாள். பிறகு ரூனுமியைப் பார்த்து, "உனக்கென்னடி டீ? அங்க மலையாட்டம் மாவு கெடக்கு, போய்ப் பிசை."

ரூனுமி கையை மடித்துவிட்டுக்கொண்டு அடுப்படிப் பக்கம் போனாள்.