முன்னால் போய்விட்ட முகம்

மூன்றாவது தடவையும் விசா கிடையாது என்று பாஸ்போர்ட் திரும்பி வந்த வாரத்தில், அதில் ஒட்டியிருந்த காஜாக்காவின் புகைப்படம் மட்டும் எல்லையைத் தாண்டிப் போய்விட்டது. சட்டை கம்பெனியில் பட்டன் துளை தைக்கும் காஜா மெஷின்தான் அவள் வேலை, அதனால் அந்தப் பெயர். பாஸ்போர்ட்டில் வெள்ளையாய்க் கிடந்த படக் கட்டத்தைப் பார்த்தவள், உதிர்ந்த பட்டனைத் தேடுவதுபோல் மெஷினுக்கு அடியில் தேடினாள். சாயங்காலம் தங்கை போன் செய்தாள். எல்லைக்கு அந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். நிறைமாதம், புருஷன் கப்பல் வேலையில்.

"வந்ததும் வந்தே, ஒரு வார்த்தை பேசினா குறைஞ்சா போயிடுவே? ஜன்னல்ல உக்காந்துக்கிட்டு உர்ருனு பாக்கறே!"

"ஸ்டூடியோக்காரர் சிரிக்கக் கூடாதுன்னுட்டாருடி. காது தெரியணும், பல்லு தெரியக் கூடாதாம்."

குழந்தை பிறந்தது. படம் ஜன்னலிலிருந்து தொட்டிலுக்குக் காவல் இருந்தது. அங்கே வெயில் பட்டால் இங்கே காஜாக்காவின் கன்னம் கறுத்தது. அங்கே குழந்தை வீறிட்டால் இங்கே நூல் அறுந்தது. மேஸ்திரி திட்டித் திட்டி ஓய்ந்துபோனார். பிறகு தங்கை காய்ச்சலில் விழுந்தாள்.

"குழந்தையைத் தூக்க முடியலக்கா. நீ இருந்தும் என்ன பிரயோஜனம்? தோளோட நின்னுட்டே, கை இல்லையே."

காஜாக்கா மெஷினை அணைத்துவிட்டு பஸ் ஏறினாள்.

எல்லையில் இருந்த அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டினார். "படம் எங்கம்மா?"

"எனக்கு முன்னாடியே உள்ள போயிடுச்சு சார்."

"விசா?"

"அதுகிட்ட யாரும் கேக்கலையே சார்."

அதிகாரி யோசித்தார். முகத்தையும் படத்தையும் ஒத்துப் பார்க்காமல் யாரையும் திருப்பி அனுப்பக்கூட விதி இல்லை. படமோ உள்ளே இருக்கிறது. "போய் ஒத்துப் பாத்துட்டு உடனே வந்துடணும்" என்று முத்திரை குத்தினார்.

அவள் குழந்தையை அள்ளித் தோளில் போட்டதும் படம் ஜன்னலை விட்டு இறங்கிக் கட்டத்துக்குள் போய் உட்கார்ந்தது. தங்கைக்குக் காய்ச்சல் விட்டது. சொன்ன சொல் தவறாமல் காஜாக்கா எல்லைக்குத் திரும்பினாள். அதிகாரி பாஸ்போர்ட்டைத் திறந்தார். படம் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது.

"சிரிக்கிற படம் செல்லாதும்மா. பழைய முகம் வந்ததும் வாங்க."

அன்று முதல் தங்கை வீட்டிலிருந்து மாதம் தவறாமல் போய்க் காட்டிவிட்டு வருகிறாள். இப்போது குழந்தையும் விரலைப் பிடித்துக்கொண்டு கூடவே நடக்கிறது.

"சிரிப்பு இன்னும் அடங்கலையா?"

"இல்லீங்க சார்."

"சரி, அடுத்த மாசம் பாப்போம்."

குழந்தை உள்ளங்கையை நீட்டும். அதிலும் ஒரு முத்திரை குத்தி அனுப்பிவைப்பார்.