உப்புப் பார்க்கும் வேலை

தொழில்நுட்பக் கல்லூரியில் கணக்கியல் படித்துக்கொண்டு பின்னேரங்களில் நான் பார்த்த வேலையைச் சொன்னால் இப்போது அலுவலகத்தில் ஒருவரும் நம்புவதில்லை. புத்தளத்தில் ஸபீனா ராத்தாவின் அடுப்படியில் உப்புப் பார்ப்பது!

ராத்தா நோன்பு மாதத்தில் கடைகளுக்கு இறைச்சிக் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பவர். வீட்டில் எல்லாரும் நோன்பு. நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினால் நோன்பு முறியாது என்று மவ்லவி சொல்லியும் அவருக்கு மனம் ஒப்பவில்லை. அதனால்தான் கண்டக்குழிக் கரையோரத்துக் கத்தோலிக்கப் பிள்ளையான எனக்கு அந்த வேலை. வெங்காயமும் உரிப்பேன், சட்டியும் கழுவுவேன். ஆனாலும் அகப்பையை நீட்டி, "நிஷாந்தினி, இதக் கொஞ்சம் பாருங்க புள்ள" என்று ராத்தா கேட்கும்போது வரும் மிதப்பு இருக்கிறதே, பரீட்சையில் முதலாவதாக வந்தபோதுகூட எனக்கு அது வரவில்லை. இன்றைக்கும் எங்காவது ரம்பை இலை கொதிக்கும் மணம் வந்தால் அந்த அடுப்படிக்காக ஏங்கிப்போகிறேன்.

டீசல் விலையேறி அப்பாவின் வள்ளம் கரையில் கிடந்த காலம் அது. இந்த வேலை போனால் படிப்பை விட்டு ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். பெருநாளுக்குப் பிறகும் வைத்துக்கொள்வீர்களா என்று கேட்டால், "பாப்பம்" என்பார் ராத்தா. அந்த ஒரு சொல் என்னைத் தூங்கவிடாது.

அந்த வருஷம் அவர்களுடைய நோன்பும் எங்கள் தவக்காலமும் ஒன்றாக வந்தன. பெரிய வெள்ளியன்று சிலுவைப்பாதை முடித்துவிட்டு வேலைக்குப் போனேன். அன்று பொழுது சாயும் வரை எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. இறைச்சி என்ற பேச்சுக்கே இடமில்லை. ராத்தா வழக்கம்போல அகப்பையை நீட்டினார். மாட்டேன் என்றால் வேலை போய்விடுமோ என்ற பயத்தில் வாயைத் திறந்தேன்.

அகப்பை பாதியில் நின்றது. "ஒதடு ஏன் இப்புடிக் காஞ்சிருக்கு? நீங்களும் நோன்பா?"

"ஓம் ராத்தா. இண்டைக்குப் பெரிய வெள்ளி."

"அல்லாஹ்வே! ஒங்கட நோன்ப முறிச்சா நான் கஞ்சி விக்கிற?"

ஆக, உப்புப் பார்க்க ஆளில்லை. ராத்தா குத்துமதிப்பாகப் போட்டார். அது காணாது என்று எனக்குப் பட்டது; அவர் தொழப் போன நேரம் நானும் ஒரு கை போட்டேன்.

நோன்பு திறக்கப் பாங்கு சொன்ன கையோடு தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. கஞ்சி கடல் தண்ணியாம். கடைக்காரர்களிடம் ராத்தா மன்னிப்புக் கேட்கக் கேட்க, என் படிப்பு இன்றோடு சரி என்று நினைத்தேன். "நானும் உப்புப் போட்டன் ராத்தா" என்று அழுதுவிட்டேன்.

ராத்தா ஒரு மிடறு குடித்துப் பார்த்தார். முகம் கோணியது. பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். எனக்கென்று இறைச்சி போடாமல் தனியாகக் காய்ச்சி மூடி வைத்திருந்த ஒரு சின்னச் சட்டியைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார்.

"குடிங்க. நீங்க இல்லாட்டி என்ட யாவாரம் என்னாகும் எண்டு இண்டைக்கித் தெரிஞ்சிட்டு. பெருநாள் முடிஞ்சும் வாங்க. படிச்சு முடியிற மட்டும் வாங்க."

அந்தக் கஞ்சிக்கு உப்புப் போடவே மறந்திருந்தார். நான் சொல்லவில்லை. சட்டியை வழித்துக் குடித்தேன்.