ஆறுக்கு ஆறு பொருத்தம்

1997-ஆம் வருஷம், அறுவை சிகிச்சை முடிந்த ஆறாவது வாரம் மாசிலாமணிக்குக் காய்ச்சல் வந்தது. அதுவரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அக்கா கெங்கம்மாவின் இடது சிறுநீரகம் தம்பியின் வயிற்றுக்குள் போன அன்றே வேலையை ஆரம்பித்துவிட்டது. கிண்டி தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறவன் அவன். இரண்டு வருஷமாக டயாலிசிஸில் கிடந்து, தண்ணீரை அளந்து அளந்து நாக்கை நனைத்துக்கொண்டிருந்தான். வீட்டுக்கு வந்த அன்று ஒரு சொம்புத் தண்ணீரை நிறுத்தாமல் குடித்துவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதான்.

கெங்கம்மா நொச்சிக்குப்பத்தில் ரோட்டோரம் பலகை போட்டு மீன் விற்கிறவள். விலாவில் தையல் ஆறி, அந்த வாரம்தான் மறுபடியும் கடைக்கு வந்திருந்தாள். வஞ்சிரத்தை வெட்டிக்கொண்டிருந்தபோது தகவல் வந்தது. கத்தியைப் பக்கத்துக் கடைக்காரியிடம் கொடுத்துவிட்டு, கையைக் கழுவியும் கழுவாமலும் அடையாறு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

மாசிலாமணிக்கு மூச்சு வாங்கியது. கண் உள்ளே போயிருந்தது. மூன்று நாள் ரத்தம் எடுத்து எடுத்துப் பார்த்தார்கள். நாலாம் நாள் டாக்டர் வஜீஹா அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டாள். சின்ன வயசு. ஆனால் அவசரப்படாமல் பேசுகிறவள்.

"கிட்னி ஒத்துக்கலியா டாக்டரம்மா?" என்றாள் கெங்கம்மா, உட்காரும் முன்பே.

"கிட்னி நல்லா இருக்கு. இது வைரஸ் காய்ச்சல். சி.எம்.வி.ன்னு சொல்வோம். மருந்து இருக்கு, ஏத்த ஆரம்பிச்சாச்சு."

"எங்கேர்ந்து வந்துச்சு? நான் வெந்நீர் வச்சுத்தானே குட்த்தேன். வெளிய ஒரு வாய் துண்ண வுடல."

டாக்டர் கொஞ்சம் தயங்கினாள். "ஆபரேஷனுக்கு முன்னாடியே இதைப் பத்திச் சொன்னேன், ஞாபகம் இருக்கா? உங்க ரத்தத்துல இதோட தடம் இருக்கு, தம்பிக்கு இல்லன்னு. அது உங்க கிட்னியோட போயிருக்கு."

கெங்கம்மாவுக்கு அந்தப் பேச்சு லேசாக ஞாபகம் வந்தது. அன்றைக்கு எதைச் சொன்னாலும் தலையாட்டினாள். எங்கே கையெழுத்து என்பதுதான் அவள் கவலையாக இருந்தது.

"எனக்கு ஒரு நாளும் ஒண்ணும் வந்ததில்லியே," என்றாள்.

"அதுதான் அதோட சாமர்த்தியம். உடம்புல ஒவ்வொரு செல்லும் தனக்குள்ள இருக்கறதைத் துளித்துளியா எடுத்து, வெளிய கை நீட்டிக் காட்டிக்கிட்டே இருக்கும். காவல்கார செல்கள் சுத்தி வந்து ஒவ்வொரு கையையும் பார்க்கும். கையில வைரஸ் துண்டு இருந்தா, அந்தச் செல்லையே அழிச்சிடும். இந்த வைரஸ் என்ன பண்ணுதுன்னா, உள்ள நுழைஞ்சதும் அந்தக் கைகளை வெளிய வர விடாம இழுத்து உடைச்சிடுது. போன வருஷம்தான் இதை விவரமா கண்டுபிடிச்சு எழுதினாங்க. உங்க ரெண்டு பேருக்கும் பொருத்தம் பார்த்தோமே, ஆறுக்கு ஆறுன்னு சந்தோஷப்பட்டோமே, அது இந்தக் கைகளைத்தான்."

கெங்கம்மா யோசித்தாள். "கையே இல்லாத வூட்டப் பாத்தா காவல்காரனுக்கு சந்தேகம் வராதா?"

வஜீஹா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். "வரும். கை இல்லையேன்னு தேடற காவலும் தனியா உண்டு. அதை ஏமாத்த இது ஒரு பொய்க்கையை வச்சுக்காட்டுதுன்னு இந்த வருஷம் எழுதியிருக்காங்க. அப்படியும் உங்க உடம்பு விடல. முழுசா ஒழிக்க முடியலைன்னாலும் தலை தூக்க விடாம அடக்கி வச்சிருக்கு. தம்பிக்கு, கிட்னியை உடம்பு தள்ளிடக் கூடாதுன்னு காவலையே தூங்க வைக்கற மருந்து கொடுக்கறோம். அதுல இது எழுந்துக்கிச்சு."

"எனக்கு யாரு குட்த்தா இத்த?"

"இந்த ஊர்ல பத்துல ஒன்பது பேருக்கு இது இருக்கும். பெரும்பாலும் கைக்குழந்தையிலேயே, தாய்ப்பால்ல வந்துடும். தம்பிக்கு ஏன் வரலைன்னுதான் எனக்கே ஆச்சரியம்."

கெங்கம்மாவுக்கு ஒன்பது வயசில் மாசிலாமணி பிறந்தான். மூன்றாம் நாள் அம்மா போய்விட்டாள். பால் பவுடரைக் கரைத்துக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு புகட்டியது அவள்தான். அதைச் சொன்னதும் டாக்டர் பேனாவை மூடி வைத்தாள்.

"அப்படின்னா அதுதான் காரணமா இருக்கலாம். உறுதியா சொல்ல முடியாது."

இரண்டு நாள் கெங்கம்மா தம்பியின் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. கஞ்சி ஊட்டுவாள், வாயைத் துடைப்பாள், ஜன்னலைப் பார்ப்பாள். வெளியே ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. மூன்றாம் நாள் காய்ச்சல் நூறுக்கு இறங்கியபோது அவனே கேட்டான்.

"இன்னாக்கா, மூஞ்சிய தூக்கி வச்சினு கீற?"

அவள் அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "இந்தக் காச்சலு என்னுதுடா. என் கிட்னியோட உனக்குள்ள வந்துட்சு. நல்லது பண்றேன்னு நோவத் தூக்கிக் குட்த்துட்டேன்." பிறகு டாக்டர் சொன்னதையெல்லாம் தனக்குப் புரிந்த மாதிரி சொன்னாள். கைகள், காவல், பால், பாட்டில்.

மாசிலாமணி சொட்டு சொட்டாக இறங்கும் மருந்திலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தான்.

"உனக்கு அம்மா பால்ல வந்துச்சா இது?"

"அப்டித்தான் இருக்கும்னாங்க."

"அப்ப அம்மாண்ட இருந்து எனக்குன்னு வந்தது இது ஒண்ணுதான்." அவன் உதட்டோரம் லேசாகச் சிரிப்பு வந்தது. "இருந்துட்டுப் போவட்டும்க்கா. நீ முப்பது வருஷத்துக்கு மேல அடக்கி வச்சினு இருந்தியே. நானும் வச்சிக்கிறேன்."

கெங்கம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு வராந்தாவுக்குப் போய் நின்றாள். அழுது முடித்து, முகம் கழுவிக்கொண்டு வந்து, மீதிக் கஞ்சியை ஊட்டினாள்.

மருந்து பதினாறு நாள் ஏறியது. மூச்சு சீரானது, ரத்தத்தில் குறைந்திருந்த வெள்ளணுக்கள் ஏறின, சிறுநீரகம் ஒரு நாளும் பிசகவில்லை. இனி அது இவனுக்குள்ளும் நிரந்தரமாகத் தங்கும், மாதா மாதம் வந்து ரத்தம் காட்ட வேண்டும் என்று சொல்லி வஜீஹா வீட்டுக்கு அனுப்பினாள்.

ஆட்டோ அடையாறு பாலத்தில் ஏறியபோது மழை விட்டிருந்தது. ஆறு நிறைந்து, கலங்கி, கடல் பக்கம் போய்க்கொண்டிருந்தது. மாசிலாமணி ஆஸ்பத்திரியில் கட்டிவிட்ட முகமூடியைக் கீழே இறக்கினான்.

"அம்மா எப்டி இருக்கும்க்கா? நீ சொன்னதே இல்ல."

அவன் கேட்டதும் இல்லை. கெங்கம்மா அவன் முகமூடியை மேலே ஏற்றிவிட்டாள்.

"மூக்கு உன்னுதுதான். கறுப்பு. கோவம் வந்தா பேசாது, பாத்திரத்த மட்டும் டமால்னு வைக்கும். நெத்திலி ஆயறப்ப வாய்க்குள்ளயே பாடினு இருக்கும், இன்னா பாட்டுன்னு கேட்டா நிறுத்திடும். நீ பொறந்த அன்னிக்கு என்னைக் கூப்ட்டு, கையப் புடிச்சு உன் மேல வச்சுது…"

ஆட்டோக்காரர் சாந்தோம் பக்கம் திரும்பினார். அவள் சொல்லிக்கொண்டே வந்தாள்.