நிறை டீச்சரின் எடை

இயற்பியல் டீச்சருக்குப் பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர் 'நிறை டீச்சர்'. அவர் காதில் 'எடை' என்ற சொல் விழுந்துவிட்டால் போச்சு. "நிறைங்கறது உடம்புல இருக்கற பொருளோட அளவு. நிலாவுக்கே போனாலும் மாறாது. எடைங்கறது பூமி நம்மள இழுக்கற இழுப்பு. அது மாறும்" என்று ஆரம்பித்துவிடுவார். காய்கறிக்காரர் தப்பியதில்லை. பேரன் பிறந்த சேதி சொல்ல, "மூணு கிலோ எடைங்க!" என்று பூரிப்போடு போன் செய்த சம்பந்தியம்மாவும் தப்பவில்லை. "நிறைன்னு சொல்லுங்க" என்றார் டீச்சர். அந்த அம்மாள் மூன்று மாதம் பேசவில்லை.

முழங்கால் வலி என்று போன அப்பேர்ப்பட்டவரிடம்தான் எலும்பு டாக்டர் சொன்னார். "எடை எழுபத்தி நாலு. ரெண்டு மாசத்துல எழுபதுக்குக் கீழ கொண்டு வாங்க. இல்லேன்னா முழங்கால்ல ஆபரேஷன்தான்."

டாக்டரையும் டீச்சர் திருத்தத்தான் செய்தார். ஆனால் ஊசியைப் பார்த்தாலே வியர்த்துக் கொட்டும் பெண்மணி அவர். முழங்காலைக் கத்தியால் திறப்பார்கள் என்றதும், வீட்டுக்குப் போகிற வழியிலேயே எடை பார்க்கும் மெஷின் ஒன்று வாங்கிக்கொண்டார்.

அதே ஆஸ்பத்திரியில் தலைமை நர்சாக இருந்த அக்கா கறாராகச் சொல்லிவிட்டாள். "ஞாயித்துக்கிழமை ஆனா மெஷின்ல ஏறி நின்னு, முள்ளு தெரியற மாதிரி போட்டோ எடுத்து அனுப்புடி. உன் வாய்ப்பேச்செல்லாம் எங்கிட்ட வேணாம்."

மூன்று வாரம் டீச்சர் வாயைக் கட்டினார். முள் கல்லுப்பிள்ளையாராக எழுபத்து நாலிலேயே உட்கார்ந்திருந்தது. நான்காவது வாரம் ஒன்பதாம் வகுப்பில் பாடம் நடத்தும்போது, 'லிஃப்ட் கீழே இறங்கத் தொடங்கும் கணத்தில் அதில் நிற்பவரின் எடை குறைவாகக் காட்டும்' என்று கரும்பலகையில் எழுதினார். எழுதிய கை அப்படியே நின்றது. திரும்பி நின்று தனக்குத்தானே சிரித்துக்கொண்ட டீச்சரைப் பிள்ளைகள் கலவரத்தோடு பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை. பஸ் ஓட்டிக் களைத்த கணவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். டீச்சர் மெஷினைத் துண்டில் சுற்றிக்கொண்டு தாங்கள் குடியிருக்கும் ஏழாவது மாடியில் லிஃப்டுக்குள் நுழைந்து, அதன்மேல் ஏறி நின்று பட்டனை அழுத்தினார். லிஃப்ட் கிளம்பிய நொடியில் முள் சரேலென்று அறுபத்தேழுக்கு இறங்கியது. வேகம் ஒரே சீரானதும் பழைய இடத்துக்கே வந்தது. தரைத்தளத்தில் நிற்கப் போகையில் எண்பத்தொன்றைத் தொட்டது. கதவு திறந்ததும் எதிரே ஐந்தாம் மாடி வக்கீல்.

"என்ன டீச்சர், மெஷினோட?"

"பரிசோதனை" என்றார் டீச்சர். அது பொய்யில்லை.

டீச்சர் பேராசைப்படவில்லை. முள் இறங்கும் வழியில் எழுபத்திரண்டில் இருக்கையில் முதல் வாரம் ஒரு படம், அடுத்த வாரம் எழுபதில் ஒன்று, அதற்கடுத்த வாரம்தான் அறுபத்தேழு. இவ்வளவு இளைத்த உடம்பு கொஞ்சம் கேக் சாப்பிட்டால் என்ன குடிமுழுகிவிடும் என்று தினமும் ஒரு துண்டு சாப்பிட்டார்.

அறுபத்தேழு படம் போன மறுநாள் ராத்திரி, கணவரும் அவரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் அக்காவின் போன் வந்தது. கை எச்சில் என்பதால் ஸ்பீக்கரில் போட்டார் டீச்சர்.

"எடை அறுபத்தேழா! டாக்டர்கிட்ட காட்டிட்டேன்டி. அப்ப ஆபரேஷன் வேணாம்னுட்டாரு."

"ஆமாக்கா, எடை நல்லாவே குறைஞ்சிருக்கு" என்றார் டீச்சர்.

கணவரின் கை பாதி வழியில் நின்றது. போன் வைக்கும் வரை காத்திருந்தார்.

"இருபத்தாறு வருஷத்துல இன்னிக்குத்தான் எடைன்னு சொன்னத நீ விட்டுவெச்சிருக்க. நீயும் வேற எடைங்கற. என்ன பண்ணின?"

அக்காவை ஏமாற்ற டீச்சருக்குக் கூச்சமில்லை. ஆனால் லிஃப்டில் குறைந்தது எடை மட்டும்தான்; நிறை குறைந்தது என்று தப்பான இயற்பியலைச் சொல்ல நாக்கு வரவில்லை. மாட்டிக்கொண்டதும் லிஃப்ட், துண்டு, கேக் எல்லாம் கண்ணீரோடு வெளியே வந்தன.

"எனக்கு பயமா இருக்குங்க. கால அறுத்துடுவாங்க."

கணவர் முதலில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். டீச்சரின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "வலிக்கப்போறது உன் காலு. போட்டோவுக்கா வலிக்கும்?" என்று சொல்லி மெஷினைக் கூடத்துத் தரையில் வைத்தார்.

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு ஏறினார். திறந்தால், எழுபத்தாறு.

இறங்காமலே தானே படம் எடுத்து, 'முன்னாடி அனுப்பினதெல்லாம் லிஃப்ட்ல எடுத்தது. இதுதான் நிஜம். ஆபரேஷன் தேதி கேட்டுச் சொல்லு, வரேன்' என்று எழுதி அனுப்பினார்.

அக்காவிடமிருந்து உடனே பதில் வந்தது. ஒரே ஒரு சொல்: 'கொழுப்பு.'

உடம்பில் ஏறியதைச் சொல்கிறாளா, செய்த காரியத்தைச் சொல்கிறாளா? டீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். எப்படிப் படித்தாலும் திருத்துவதற்கு அதில் ஒன்றும் இல்லை.