தந்தி வந்த கிழமை

அலமாரியில் பதினோரு நோட்டுகள் இருந்தன. பன்னிரண்டாவது இல்லை. பழனிமுத்து மறுபடியும் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் பழுப்புத்தாள் அட்டை, மேலே வெள்ளைச் சீட்டு, சீட்டில் எண். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் நோட்டுக்குப் போடுவது மாதிரியே தங்கச்சி குழந்தையம்மாள் சொந்தபந்தத்துக்கும் அட்டை போட்டு வைத்திருந்தாள்.

முன்னறையில் அவள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். பெண்கள் அழுது களைத்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள். பெட்டியின் மோட்டார் உறுமுவதும் நிற்பதுமாக இருந்தது. அது நிற்கும்போதெல்லாம் பழனிமுத்துவின் கையும் நின்றது. அந்த இடைவெளியில் யாரோ தொண்டையைச் செருமிக்கொண்டு ஏதோ கேட்கப் போவது போலிருந்தது.

அவருக்கு எழுத்தின்மேல் நம்பிக்கை கிடையாது. எழுதி வைக்கிறவர்கள்மேல் சுத்தமாகக் கிடையாது. அவருடைய அப்பன் குண்டடத்தில் ஒரு தாளில் கைநாட்டு வைத்துத்தான் மேற்குக் காட்டை விட்டார். தாளில் என்ன எழுதியிருந்தது என்று சாகும்வரை அப்பனுக்குத் தெரியாது. பழனிமுத்து மூன்றாம் வகுப்போடு நின்றவர். பஸ் போர்டு படிப்பார், கரண்ட் பில் படிப்பார். அதற்குமேல் எவன் எதை நீட்டினாலும், "இதுல என்ன இருக்குதோ எவன் கண்டான்" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

குழந்தையம்மாள் நேர் எதிர். வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வம்ச வரலாறு எழுதுகிறேன் என்று துணிப்பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். குன்னத்தூர், காங்கயம், தாராபுரம் என்று சொந்தக்காரர் வீடு ஒன்று விடவில்லை. ஒரு ஆளுக்கு ஒரு பக்கம். பிறந்தது, கட்டிக்கொடுத்தது, பெற்றது, செத்தது, எப்படிச் செத்தது. இரண்டு பேர் ஒரே மாதிரி சொன்னால்தான் மையில் எழுதுவாள். ஒருத்தர் மட்டும் சொன்னால் பென்சில். சொந்தத்தில் யார் செத்தாலும், எடுப்பதற்கு முன்னால் அந்த ஆளின் பக்கத்தை எழுந்து நின்று படிப்பாள். முதலில் சிரித்தார்கள். பிறகு பழகிப்போனது. போன வருஷம் ஒரு எழவுக்கு அவள் பஸ் தவறி வர நேரமானபோது, பக்கம் படிக்காமல் எப்படி எடுப்பது என்று பாடையைக் கட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

இன்றைக்கு அவளுடைய பக்கம். அதை அவளே எழுதி வைத்திருக்கிறாள்.

கையில் இருந்தது ஒன்பதாம் நோட்டு. நடுவில் விரித்தார். தன் பெயர் தெரிந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தார். பழனிமுத்து. ஊர், குண்டடம். படிப்பு, மூன்றாம் வகுப்பு. தொழில், விவசாயம், பிறகு சாயப்பட்டறையில் வாட்ச்மேன். மனைவி, ரங்காத்தாள். கடைசியாக இறப்பு என்று எழுதி, எதிரே ஒரு கோடு இழுத்து விட்டிருந்தாள். ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு. நோட்டைச் சாத்தினார்.

"என்னங்க மாமா தேடறீங்க?"

கதவருகே கீதாஞ்சலி நின்றாள். குழந்தையம்மாளின் ஒரே மகள். பனியன் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசர், வெளிநாட்டு ஆர்டர்களைப் பார்த்துக்கொள்கிறவள். ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் தூங்காததில் கண் வீங்கியிருந்தது.

"கண்ணாடி, கண்ணு. இங்கெங்கியோ வெச்சேன்."

"சட்டைப் பையில இருக்குதுங்க."

தொட்டுப் பார்த்தார். இருந்தது.

"கடைசி நோட்டு எங்கிட்ட இருக்குதுங்க மாமா. அம்மா அதை எங்கையில கொடுத்துட்டுத்தான் ஆம்புலன்சுல ஏறுச்சு."

"படிச்சயா?"

"இல்லீங்க. எல்லாரு முன்னாடியும் நின்னு படிக்கறப்பத்தான் பிரிக்கோணும்னு சொல்லிருச்சு. பின் அடிச்சு வெச்சிருக்குது."

"அதெல்லாம் எதுக்கு கண்ணு இப்ப. வெயில் ஏறுது. நான் கோடியைப் போட்டர்றேன். எடுத்தர்லாம்."

"பக்கம் படிச்சதுக்கப்புறந்தானுங்க கோடி. அட்டை மேலயே எழுதியிருக்குது." கப்பல் என்றைக்குக் கிளம்பும் என்று வெள்ளைக்காரனுக்குச் சொல்கிற குரலில் சொல்லிவிட்டுப் போனாள்.

கோடிச் சேலை காலையிலிருந்து அவர் கக்கத்தில்தான் இருந்தது. சந்தனக் கலர். செத்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து வருகிற கடைசிச் சேலை. கூடப்பிறந்தவன் அதைப் போர்த்தாமல் பொணம் வாசல் தாண்டாது. பக்கத்தைப் படிப்பதற்கு முன்னால் போர்த்திவிட வேண்டும் என்பதுதான் அவருடைய கணக்கு. படித்த பிறகு தன்னைப் பெட்டிக்குப் பக்கத்தில் விடுவார்களா என்று அவருக்குத் தெரியவில்லை.

நாற்பத்தொரு வருஷத்துக்கு முந்தின ஆவணி. குண்டடத்து வீட்டில் அவருடைய கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட்டுக்கொண்டிருந்தார்கள். குழந்தையம்மாள் இரண்டு வயதுக் கீதாஞ்சலியோடு முன்கூட்டியே வந்துவிட்டாள். அவள் புருஷன் சென்னியப்பன் மிலிட்டரியில் ஹவில்தார், அசாம் பக்கம் மலையில் இருந்தான். லீவு கிடைக்கவில்லை. புதன்கிழமை காலையில் வேலியோரம் சைக்கிளை நிறுத்தி, தந்தி கொண்டுவந்த ஜெபக்குமார் பழனிமுத்துவைத் தனியாகக் கூப்பிட்டான். தந்தி இங்கிலீஷில் இருந்தது.

"உங்க மச்சானுங்க... லாரி பள்ளத்துல உருண்டுருச்சாட்ட இருக்குது. இறந்துட்டாருன்னு போட்டிருக்குதுங்க."

பழனிமுத்து தாளைப் பிடுங்கினார்.

"இன்னும் ரெண்டு வரி இருக்குதுங்க, முழுசாக் கேளுங்க."

"போதும் போடா. ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடாத."

வெள்ளிக்கிழமை விடியலில் முகூர்த்தம். முதல்நாள் சாயங்காலம் இணைச்சீர்ச் சடங்கு. மாப்பிள்ளைக்குக் கூடப்பிறந்தவள், கட்டுக்கழுத்தாக இருந்து அதைச் செய்ய வேண்டும். தாலி அறுத்தவள் அந்தப் பக்கமே வர முடியாது. எழவு விழுந்த வீட்டில் கல்யாணமே நிற்கும். அவருக்கு ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. ரங்காத்தாள் வீட்டார் சகுனம் பார்க்கிறவர்கள். இந்தத் தடவை நின்றால் அவ்வளவுதான். செத்தவன் செத்தவன்தான், மூன்று நாளில் எழுந்தா வரப்போகிறான் என்று நினைத்தார்.

வியாழக்கிழமை சாயங்காலம் குழந்தையம்மாள் தலை நிறையப் பூவும் நெற்றியில் பெரிய பொட்டுமாக, பேழைக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வண்ணான் விரித்த துணிமேல் நடந்து வந்தாள். அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்தாள். சேலையின் ஒரு முனையை அவரிடம் கொடுத்து மறு முனையைத் தான் பிடித்துக்கொண்டாள். காதருகே குனிந்து சிரித்தாள்.

"அவரு மட்டும் இங்க இருந்திருந்தா, உங்களைக் கேலி பண்ணியே கொன்னிருப்பாருங்க அண்ணா."

தந்தி அப்போது அவருடைய வேட்டி மடிப்பில் இருந்தது.

சனிக்கிழமை சொன்னார். இப்போதுதான் வந்தது என்றார். தாளைக் கேட்டார்கள். கை நடுங்கி அடுப்பில் விழுந்துவிட்டது என்றார். அடுப்பில் போட்டது மட்டும் உண்மை. ஒரு மாதம் கழித்துப் பட்டாளத்திலிருந்து கடிதம் வந்தது. குழந்தையம்மாளே இங்கிலீஷைப் படித்து, பிறகு வீட்டில் எல்லாருக்கும் தமிழில் சொன்னாள். உடலை அனுப்பவா, இங்கேயே எரிக்கவா என்று தந்தியில் கேட்டிருந்தோம். வியாழன் சாயங்காலம்வரை பதிலுக்காகக் காத்திருந்தோம். வராததால் மரியாதையோடு தகனம் செய்துவிட்டோம்.

அந்த இரண்டு வரிதான் ஜெபக்குமார் படிக்க வந்தது.

ஒரு டிரங்குப் பெட்டி வந்தது. அதில் சட்டை, சவரக்கத்தி, அவள் எழுதிய கடிதங்கள். முகம் வரவில்லை.

அன்றைக்குத்தான் முதல்தடவை கேட்டாள். "அண்ணா, தந்தி எந்தக் கெழமைங்க வந்துச்சு?"

"சனிக்கெழமை."

அதற்குப் பிறகு ஒவ்வொரு பொங்கலுக்கும் நோம்பிக்கும் கேட்டாள். கோபமாக அல்ல. ஊரில் மழையா என்று கேட்கிற மாதிரி. சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்பாள். பஸ் ஏற்றிவிடும்போது கேட்பாள். அவரும் சனி என்பார். பதில் சொன்ன பிறகு அவள் ஒரு நொடி அவரையே பார்ப்பாள், பிள்ளை தப்பாகச் சொன்ன வாய்ப்பாட்டை மறுபடி சொல்லட்டும் என்று காத்திருக்கிற மாதிரி. பிறகு வேறு பேச்சு. சாயப்பட்டறையில் காவல் இருந்த நாட்களில், பாய்லரை நிறுத்தின பிறகு வருகிற அமைதியில் அவருக்கு அந்தக் கேள்வி கேட்கும். ஆளில்லாத இடத்தில் வாய்விட்டு, "சனி" என்பார்.

ஜெபக்குமார் ஓய்வு பெற்றுக் குன்னத்தூரில் இருந்தான். வம்ச வரலாறு எழுதுகிற சாக்கில் அவள் அங்கேயும் போனாள் என்று கேள்விப்பட்டார். அவள் என்ன கேட்டாள், அவன் என்ன சொன்னான், தெரியாது. அவன் செத்தபோது கல்லறைத் தோட்டத்துக்கே போய், மண்ணை முழுக்க மூடுகிறவரைக்கும் நின்று பார்த்துவிட்டு வந்தார்.

"எல்லாரும் வாங்க, பக்கம் படிக்கறாங்க" என்று முருகவேல் கூப்பிட்டான். பக்கத்து வீட்டு நிட்டிங் யூனிட்காரன். குழந்தையம்மாளிடம் இரண்டாம் வகுப்புப் படித்தவன். காலையிலேயே மெஷின்களை நிறுத்தியிருந்தான். "ஆர்டர் கெடக்குதுங்க. ஆனா இன்னிக்கு ஓட்டுனா டீச்சர் எந்திரிச்சு வந்து முட்டிக்கால் போட வெச்சிருவாங்க" என்று கண்ணைத் துடைத்தான். பின்பக்க லைன் வீட்டில் குடியிருந்த பீகார்ப் பையன்கள் நாலு பேர் மதிலோரம் நின்றார்கள். அவர்களோடு இந்தியில் பேசிய ஒரே கிழவி அவள்தான்.

கீதாஞ்சலி பின்னைப் பிரித்தாள். எழுந்து நின்று படித்தாள்.

"குழந்தையம்மாள். பிறப்பு, குண்டடம். தொழில், ஆசிரியை, முப்பத்திரண்டு ஆண்டுகள். ஜபல்பூர் ராணுவக் குடியிருப்பில் பதினாறு மாதம் கணவருடன் இருந்தேன். இந்தி வந்தது. சப்பாத்தி வரவில்லை."

அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள்.

"முட்டிக்கால் போட வைத்த பிள்ளைகள் ஏராளம். அதில் வருத்தம் இல்லை."

முருகவேல் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஆவணி மாதம், வெள்ளிக்கிழமை விடியலில் அண்ணன் பழனிமுத்துவின் திருமணம். முதல்நாள் சாயங்காலம் நான் இணைச்சீர் செய்தேன்." அவள் அடுத்த வரிக்குப் போனாள். "கணவர் இறந்த தந்தி வந்த கிழமை..."

நின்றுவிட்டாள்.

"இங்க எழுதாம கோடு போட்டு விட்டிருக்குதுங்க." நோட்டைக் கண்ணருகே கொண்டுபோனாள். "கீழ பொடியா என்னமோ இருக்குது. 'மாமா சொல்வதை எழுதிக்கொள். வேறு யாரையும் கேட்காதே. அவர் எந்தக் கிழமை சொன்னாலும் மையிலேயே எழுது.'"

யாரோ பேனா கொடுத்தார்கள். எல்லாருடைய முகமும் பழனிமுத்து பக்கம் திரும்பியது. அப்போது பெட்டியின் மோட்டார் நின்றது.

கண்ணாடியில் உள்பக்கம் நீர் பூத்திருந்தது. அதன் பின்னால் அவளுடைய முகம் சரியாகத் தெரியவில்லை. நெற்றியும் மூக்கும் மட்டும் மங்கலாகத் தெரிந்தன. சனி என்று சொன்னால் போதும். எழுதிவிடுவார்கள். கோடியைப் போர்த்திவிட்டுப் பின்னாலேயே நடக்கலாம். அதற்குப் பிறகு கேட்பதற்கு ஆளே கிடையாது. ஜெபக்குமார் இல்லை. இவளும் இல்லை.

"புதன்" என்றார்.

"என்னங்க மாமா?"

"புதங்கெழமை."

பெண்களுக்கு நடுவிலிருந்து ரங்காத்தாள் நிமிர்ந்தாள். "சனிக்கெழமைன்னல்ல சொல்லுவீங்க எப்பவும்? நம்ம கல்யாணம் முடிஞ்சு..." அவளுடைய கை தாலிக்கொடிக்குப் போய் அங்கேயே நின்றது.

கீதாஞ்சலி கோட்டின்மேல் எழுதினாள். எழுதிவிட்டு ஒரு வரி மேலே பார்த்தாள். பிறகு கீழே பார்த்தாள். அந்தப் பட்டாளத்துக் கடிதம் அவளுக்கு மனப்பாடம். அவளுடைய உதடு மட்டும் அசைந்தது. புதன், வியாழன், வெள்ளி. அவளுக்குத் தெரிந்த அப்பன் முகம் போட்டோவில் இருப்பதுதான்.

பழனிமுத்து அவள் கத்துவாள் என்று காத்திருந்தார். கத்தியிருந்தால் தேவலை.

வாசலில் வண்டி வந்து நின்று உறுமியது. "கோடி போட்டர்லாமுங்களா?" என்று முருகவேல் எட்டிப் பார்த்தான்.

"காலையிலீங்களா மாமா, சாயங்காலமுங்களா?" என்று கேட்டாள் கீதாஞ்சலி. தலை நிமிரவில்லை.

"காலையில. பந்தக்கால் நட்டுட்டு இருந்தாங்க."

எழுதினாள். "ஆரு கொண்டாந்தாங்க?"

"ஜெபக்குமாரு."

"படிச்சுக் காட்டுனாருங்களா?"

"பாதி."

"மீதி?"

அவர் கோடிச் சேலையை ஒரு கக்கத்திலிருந்து மறு கக்கத்துக்கு மாற்றினார். அவள் பக்கத்தின் ஓரம்வரைக்கும் எழுதிவிட்டுத் தாளைத் திருப்பினாள். ஒரு கையில் நோட்டு, ஒரு கையில் பேனா. பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியைக் காலால் அவர் பக்கம் தள்ளினாள்.

"உக்காந்து சொல்லுங்க மாமா."

பழனிமுத்து உட்கார்ந்தார். வெளியே வண்டிக்காரன் இஞ்சினை அணைத்தான்.