கட்டில் யார் வீட்டுச் சீர்

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டு, குத்துதே குடையுதே என்று கத்தினால் யார் என்ன செய்ய முடியும்? உமாராணி அன்றைக்குக் காலையில் அப்படித்தான் வாசலுக்கும் அறைக்குமாக நடந்துகொண்டிருந்தாள். ஓணானின் பெயர் சுடலைக்கண்ணு. கோவில்பட்டியில் பழைய கட்டில், பீரோ, மேசை வாங்கி விற்கிறவர். ஒரு சாமானைத் தடவிப் பார்த்தே எந்த வருஷத்துச் சரக்கு என்று சொல்லிவிடுவார் என்று ஊரில் பேச்சு. பத்தரை மணிக்கு வாரேன் என்றிருந்தார். போன் போட்டு அவரைக் கூப்பிட்டதே அவள்தான்.

அப்பா தங்கச்சாமி இறந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. பதினாறாம் நாள் விசேஷத்துக்குப் பத்திரிகை அடிக்க அண்ணன் முனீஸ்வரன் எழுதி வைத்த தாளை அவள் முந்தின நாள்தான் பார்த்தாள். மனைவி என்ற இடத்தில் ஜானகியம்மாள் என்று ஒரே ஒரு பெயர். ஜானகியம்மாள் முனீஸ்வரனைப் பெற்றவள். 1973-லேயே போய்ச் சேர்ந்துவிட்டவள். அதற்குப் பிறகு வந்து, ஐம்பது வருஷம் இந்த வீட்டில் உலை வைத்து, அப்பா படுக்கையில் கிடந்த இரண்டு வருஷமும் பீ மூத்திரம் அள்ளியது உமாராணியின் அம்மா பாலம்மாள். அவள் பெயர் அந்தத் தாளில் எந்த மூலையிலும் இல்லை. அடுக்குமா இது?

உமாராணிக்கு நாக்கு கொஞ்சம் நீளம். விடுவாளா? சொந்தக்காரர்கள் நடுவில் கேட்டே விட்டாள்.

முனீஸ்வரன் கோபப்படக்கூட இல்லை. "ஒங்கம்மாவுக்கு எங்கப்பா தாலி கட்டுனதை யாரு பாத்தா? நான் கயத்தாத்துல மாமா வீட்டுல கெடந்து படிச்சேன். பத்து வயசுல திரும்பி வந்தா அவிய அடுப்படியில நிக்காவ. சீர்செனத்தி வந்துச்சா? கையை வீசிக்கிட்டு வந்தவியள எப்படிப் பத்திரிகையில போடுதது?"

"யாரு கையை வீசிக்கிட்டு வந்தா? உள்ள கெடக்க கட்டில் எங்கம்மா சீரு. புதூர்லருந்து எங்க தாத்தா செஞ்சு போட்டது."

"கட்டில், பீரோ எல்லாம் எங்கம்மாவுது. அறுபத்து மூணுல வந்தது. இல்லைன்னு நிரூபி. நாளைக்கு நாலு மணிக்குத்தான் அச்சுக்குப் போகுது. பேரைப் போடச் சொல்லுதேன்."

நிரூபிக்கிறேன் என்று சவால் விட்டுவிட்டு வந்து படுத்தவளுக்குத்தான் சந்தேகம் வந்தது. கட்டில் தன்னுடைய சீர் என்று அம்மா எப்போதாவது சொன்னாளா? யோசித்துப் பார்த்தாள். ஒருதரம்கூடச் சொன்னதில்லை. சொல்லாதது இருக்கட்டும், அம்மா அந்தக் கட்டிலில் ஒரு நாளாவது படுத்தாளா? காய்ச்சலிலும் தரையில் பாய். பிள்ளை பெற்றபோதும் தரையில் பாய். கட்டிலில் அப்பா, கீழே அம்மா. தன் வீட்டுச் சீர்க்கட்டிலில் காலம் பூராவும் படுக்காத பெண் உண்டா? கோபத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டோமே, அம்மா பெயரை நாமே குழி தோண்டிப் புதைத்துவிட்டோமே என்று விடியும்வரை புரண்டாள்.

காலையில் மெதுவாகக் கேட்டுப் பார்த்தாள். "யம்மா, கட்டில் ஒன்னோடதுதான?"

பாலம்மாள் முறத்தில் கம்பைப் புடைத்துக்கொண்டே இருந்தாள். "ஒன்னைய யாருட்டி இந்த வம்புக்குக் கூப்பிட்டா? அந்த ஆளை வரவேண்டாம்னு சொல்லிரு."

சுடலைக்கண்ணு சொன்ன நேரத்துக்கு ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். சட்டைப்பையில் டார்ச், கையில் ஒரு திருப்புளி. முனீஸ்வரன் அறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஐம்பத்தொன்பது வயது மனுஷன், பரீட்சைத் தாளை வாங்க வந்த பையன் மாதிரி விறைப்பாக நின்றான்.

கட்டிலைச் சுற்றி வந்த சுடலைக்கண்ணு முட்டிபோட்டுக் கீழே குனிந்தார். சட்டத்தை முகர்ந்தார். "பர்மா தேக்கு. காலு நாலும் கடைசல்ல போட்டுருக்கு. தலைமாட்டுல கிளியைக் கையால செதுக்கிருக்கான். இந்தா பாருங்க, எந்தச் சட்டம் எந்தக் காலுக்குன்னு ஆசாரி உளியால கோடு போட்டு வச்சிருக்கான். அறுவது, அறுவத்தஞ்சுக்குள்ள செஞ்சது அண்ணாச்சி. அதுக்குப் பொறகு இந்த வேலைக்கு ஆளு இல்ல."

உமாராணி விரல் விட்டுக் கணக்குப் போட்டாள். அம்மா கல்யாணம் எழுபத்தாறு. பதின்மூன்று வருஷத்துக் கணக்கை யாரால் இழுத்துக் கட்ட முடியும்? "நல்லாப் பாத்துச் சொல்லுங்க. பழைய மரத்தை வாங்கிப் பொறவு செஞ்சிருக்கலாம்லா?" என்றாள்.

"மரம் பழசா இருக்கலாம்மா. இந்தக் கைவேலை தெரிஞ்சவன் பொறவு இல்லியே."

முனீஸ்வரன் தொண்டையைச் செருமினான். சிரிக்கவில்லை, அதுவே அவளுக்குச் சுட்டது. போன் அவன் கையில் இருந்தது. தாளை அப்படியே அடிக்கச் சொல்ல ஒரு நிமிஷம் போதும்.

அந்த நேரம் பார்த்து சுடலைக்கண்ணு மூலையில் இருந்த கண்ணாடி பீரோ பக்கம் போனார். யாரும் போகச் சொல்லவில்லை, தொழில் புத்தி. சட்டென்று நின்று, "இது வேற ஆளு வேலையாச்சே" என்றார்.

"எல்லாம் ஒரே செட்டுதான்" என்றான் முனீஸ்வரன்.

"இல்ல அண்ணாச்சி. காலைப் பாருங்க, வெளிய சாஞ்சு கூம்பா எறங்குது. கைப்பிடி அலுமினியம். முதுகுப் பலகை ப்ளைவுட்டு. கட்டில் செஞ்ச ஆசாரி ப்ளைவுட்டைத் தொட்டிருக்கவே மாட்டான். இது எழுபதுக்கு மேல வந்த மோஸ்தரு. எந்த வருஷம்னு வேணும்னா கண்ணாடியைக் கழட்டிப் பாத்திரலாம்."

"கழட்டாதீங்க" என்று குரல் வந்தது. பாலம்மாள் முறத்தோடு வாசலில் நின்றாள். "முனீசு சொல்லுததுதான் சரி. ரெண்டுமே அவிய அம்மாவுது. எல்லாரும் வெளிய வாங்க, காப்பி போடுதேன்."

உமாராணிக்கு அம்மாவைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. உன் பெயருக்காகத்தானே இத்தனை பாடு? "நீங்க கழட்டுங்க" என்றாள் சுடலைக்கண்ணுவிடம்.

அவர் முனீஸ்வரனைப் பார்த்தார். அவன் தலையை ஆட்டினான். கதவு பூட்டியிருந்ததால் அரைஞாண் கயிற்றில் கோத்திருந்த சாவியை எடுத்து அவனே திறந்தான். ஐம்பது வருஷமாக அந்தச் சாவி அவன் இடுப்பில்தான். உள்ளே ஒரே ஒரு பொருள்தான் இருந்தது, அவன் அம்மாவின் கூறைச்சேலை. வருஷா வருஷம் தை பிறந்ததும் அவன் திறப்பான்; பாலம்மாள் எட்ட நின்று பாச்சை உருண்டையை நீட்டுவாள்; அவன் வாங்கிப் போட்டுப் பூட்டுவான். அவள் உள்ளே கை விட்டதே கிடையாது.

கதவின் உட்பக்கப் பலகையைத் திருப்புளியால் நெம்பி எடுத்தார் சுடலைக்கண்ணு. கண்ணாடி ஆடாமல் இருக்க முட்டுக் கொடுத்திருந்த தாள் ஒன்று மடிப்பு மடிப்பாக வந்தது. பிரித்தார். வெட்டாத தீப்பெட்டி லேபிள். வரிசையாக ஒரே பெண் முகம். கீழே உலக மகளிர் ஆண்டு 1975 என்று அச்சடித்திருந்தது.

"நம்மூரு ஆசாரிங்க கண்ணாடிக்குத் தீப்பெட்டி லேபிள் தாள்தான் முட்டுக் குடுப்பாங்க. அப்ப எழுவத்தஞ்சுக்கு முன்ன இது செஞ்சிருக்க முடியாது" என்றார் அவர்.

"அது பொறவு கண்ணாடி ஒடஞ்சு மாத்துனோம்" என்றாள் பாலம்மாள் அவசரமாக. "அப்ப வச்ச தாளு அது."

அந்த மனுஷனுக்கு வீட்டு நிலவரம் என்ன தெரியும்? "ஆணியைப் பாருங்க ஆத்தா. ஒரு தடவைகூடப் புடுங்கல, துரு மரத்தோட ஒட்டியிருக்கு. அப்படியே கண்ணாடி மாத்துனீங்கன்னு வச்சாலும், நாலு காலையுமா மாத்துனீங்க?" என்றார்.

பாலம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாத முகம். அது கறுத்துப் போயிருந்தது.

முனீஸ்வரன் அவளைப் பார்த்தான். "கயத்தாத்துலருந்து வந்த அன்னைக்கு, இது ஒங்க அம்மா பீரோன்னு நீங்கதான சொன்னீங்க? சாவியை எங்கைல குடுத்தீங்க."

பாலம்மாள் தரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"நீ அந்தச் சேலையைச் சுருட்டி நெஞ்சோட வச்சுக்கிட்டு நின்ன. யாரு கேட்டும் குடுக்க மாட்டேன்னுட்ட. ராத்திரி அதுமேலதான் படுத்த. இந்த வீட்டுல அதை வைக்க ஒனக்குன்னு ஒரு எடம் இல்ல. எங்க அப்பா கட்டிலும் சேத்துச் செய்யுதேன்னாரு. அங்கன ஒருத்தி கட்டில் கெடக்கு, அது அவளோடதாவே கெடக்கட்டும், பீரோ மட்டும் போதும்னு நான்தான் சொன்னேன். பொறவு நீ வந்து இப்படி நிக்க. எனக்குன்னு இருந்தது இது ஒண்ணுதான்யா."

உமாராணிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஜெயித்துவிட்டோம் என்ற நினைப்பே வரவில்லை. அம்மா ஐம்பது வருஷம் வாயைத் திறக்காமல் காத்ததை நாம் ஒரே நாளில் போட்டு உடைத்தோமே என்றுதான் பதறியது. அண்ணன் இப்போது என்ன செய்வானோ என்று அவன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவன் சாவியைக் கயிற்றிலிருந்து கழற்ற முயன்றான். முடிச்சு இறுகிப்போய் அவிழவில்லை. விட்டுவிட்டுப் போனை எடுத்தான்.

"தம்பி, முனீஸ்வரன் பேசுதேன். அந்தப் பத்திரிகையில மனைவிங்க எடத்துல ரெண்டாவதா ஒரு பேரு சேக்கணும். பாலம்மாள். ஆமா, உசுரோட இருக்காவ."

அந்தப் பக்கம் என்னவோ கேட்டார்கள். அவிய யாரு அண்ணாச்சி என்று கேட்டிருக்க வேண்டும். இந்த வீட்டில் அவன் அவளை முறை வைத்துக் கூப்பிட்டதே இல்லை. எது வேண்டுமானாலும் உமாராணியிடம் ஒங்கம்மாட்ட சொல்லு என்பான். போனைக் காதோடு வைத்தபடி வாய் திறந்து திறந்து மூடினான்.

"எங்க சின்னம்மை" என்றான்.

பாலம்மாள் முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். அலமாரிக்குப் போய்ப் பாச்சை உருண்டைப் பொட்டலத்தை எடுத்து வந்து, வழக்கம்போல எட்ட நின்று நீட்டினாள்.

"கதவைத் தொறந்து போட்டுருக்க. ரெண்டு உருண்டை போட்டுப் பூட்டுய்யா, அம்மா சேலையைப் பூச்சி அரிச்சிரும்."