ஜன்னல் சாட்சி

“திரைய முழுசா ஒதுக்கி விடும்மா. நான் கையெழுத்துப் போடறது சாட்சி கண்ணுல விழணும்” என்றார் மாமனார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் மூன்று முறை மூச்சு வாங்கினார்.

மருமகள் திரையை ஒதுக்கிவிட்டு, கட்டிலை ஜன்னலோடு ஒட்டித் தள்ளி, அவர் முதுகுக்கு இன்னொரு தலையணை கொடுத்தாள். காய்ச்சல் வந்து இன்றோடு ஒன்பது நாள். எந்த ஆஸ்பத்திரியிலும் படுக்கை இல்லை. விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் கருவி எண்பதுக்குக் கீழே காட்டியதும் அவரே அதைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டார்.

நாற்பது வருடம் பத்திரம் எழுதிய மனிதர். தொற்று வந்ததிலிருந்து போனிலேயே ஊருக்கெல்லாம் சட்டம் சொன்னார். காய்ச்சல் என்றால் வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லலாமா, தனியாக அடைத்து வைத்த ஆளை வேலையிலிருந்து தூக்கலாமா, செத்தவர் முகத்தைப் பார்க்க விடமாட்டேன் என்று சொல்ல இவர்கள் யார் என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் வைத்திருந்தார். தன் உயிலை மட்டும் எழுதவில்லை. கேட்டால், “அதுக்குள்ள என்னை அனுப்பப் பாக்கறியா?” என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் கணவன் இறந்துபோய் ஆறு வருடம். உயில் இல்லாவிட்டால் வீட்டில் பாதி கொழுந்தனுக்கு. “அப்பா காலத்துக்கப்புறம் வித்துடலாம் அண்ணி” என்று அவன் போன வருடமே சொல்லிவிட்டான். முன்னறையில் இருக்கும் தையல் மெஷினையும், இப்போதைக்கு அக்கா வீட்டுக்கு அனுப்பி வைத்திருக்கும் மகளையும் தூக்கிக்கொண்டு அவள் எங்கே போவாள்?

இன்று காலைதான் உயில் எழுத ஒப்புக்கொண்டார்; ஒரே ஒரு பக்கம்தான். எழுதித் தருகிறேன் என்றவளை அவர் விடவில்லை. “சொத்து வாங்கறவ கையெழுத்துல இருந்தா நாளைக்கு நூறு கேள்வி வரும்” என்று தானே எழுதினார்.

ஜன்னலுக்கு வெளியே இரண்டு முகக்கவசங்கள் நின்றன. ஒருவர் எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன், இன்னொருவர் மாடியில் குடியிருக்கும் கணக்கு வாத்தியார். இருவரும் பார்க்க, மாமனார் கையெழுத்துப் போட்டார். பரீட்சை அட்டையில் செருகிய தாளையும் பேனாவையும் அவள் கம்பி வழியாக நீட்டினாள். எலக்ட்ரீஷியன் போட்டுவிட்டுக் கையை மூன்று தடவை கழுவிக்கொண்டார். கரண்ட்டைத் தொடப் பயப்படாத ஆள் பேனாவைத் தொட்டுவிட்டு அப்படி நடுங்கினார். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று உடனே கிளம்பியும் போனார்.

வாத்தியார் கையை நீட்டவில்லை.

“தப்பா நெனைக்காதம்மா. அவர் புடிச்ச பேனா பாரு... நான் போய் என் பேனாவ எடுத்துட்டு வந்துடறேன்.”

“துடைச்சுத் தரேன் சார். ஒரு நிமிஷம்தான்...”

அவர் அதற்குள் படியேறிவிட்டார்.

“போகட்டும் விடு” என்றார் மாமனார். “நான் பாத்துட்டிருக்கப்பவே போடணும், அவ்வளவுதான். இல்லேன்னா இது வெறும் காகிதம். நான் எங்க போயிடப் போறேன்?”

செத்தவர் கட்டைவிரல் ரேகையைப் பதித்த பத்திரத்தோடு வந்து நின்றவர்களை அவர் விரட்டியடித்த கதைகளை அவள் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள்.

ஐந்து நிமிடமாயிற்று. வாத்தியாரைக் காணோம். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்த மாமனார் ஒரு மூச்சை இழுத்தார். அடுத்த மூச்சுக்காக அவள் காத்திருந்தாள். அது வரவில்லை. “மாமா” என்று தோளைத் தொட்டாள். கண்கள் திறந்தபடியே இருந்தன. படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

“மை காஞ்சு போச்சும்மா, வேற ரீஃபில் போட்டுட்டு வந்தேன்.” முகக்கவசத்துக்கு மேலே வாத்தியாரின் கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது. அட்டையை ஜன்னல் திண்டில் வைத்துக் குனிந்தார். “பாத்துட்டிருக்கார்ல?”

அவள் குரல் சுத்தமாக வந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

“பாக்கறார் சார். போடுங்க.”

அவர் நிமிராமலே கையெழுத்துப் போட்டார். தேதி எழுதினார். பள்ளிக்கூடத்துப் பழக்கம், கைக்கடிகாரத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்து மணியையும் எழுதினார்: 11.25. பிறகு ஜன்னலைப் பார்த்துக் கும்பிட்டு, “ரெஸ்ட் எடுங்க சார்” என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனார்.

அவள் திரையை மூடினாள். மாமனாரின் கண்களையும் மூடினாள். கதற வேண்டும் போலிருந்தது. மேலே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டதும் புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். மணி பன்னிரண்டாவது ஆகட்டும், அதுவரை அவர் போனது வெளியே தெரியக்கூடாது என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி அவர் காலடியில் உட்கார்ந்தாள்.

போன் அடித்தது. கொழுந்தன்.

“அண்ணி, அப்பாகிட்ட ஒரு வார்த்தை பேசணும். ராத்திரியெல்லாம் தூக்கமே வரல. பஸ் எதுவும் ஓடல, நான் என்ன பண்ணுவேன்? கொஞ்சம் குடுங்களேன்.” அவன் குரல் உடைந்திருந்தது.

“தூங்கறார்” என்றாள்.

“அப்படியா? நல்லா தூங்கட்டும். எழுப்பாதீங்க அண்ணி. அப்புறமா பேசறேன்.”

போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். பன்னிரண்டாக இன்னும் இருபது நிமிடம் இருந்தது.